குழாய் இல்லாமல் மூச்சு!

கடலுக்கு அடியில் மீன் பார்க்கப் போட்டுக்கொள்ளும் முகமூடி, சாகக் கிடந்தவர்களுக்கு மூச்சு கொடுத்தது.

இது கதை அல்ல. இத்தாலி நாட்டில் நடந்தது.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம். இத்தாலியின் வடக்கே பிரெசியா என்று ஒரு நகரம். கொரோனா நோய் அந்தப் பக்கத்தையே வாரிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை. வந்தவர்கள் பெரும்பாலோருக்கும் ஒரே கோளாறு. மூச்சு விட முடியவில்லை.

காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் முகமூடி இருந்தால் பலரைப் பிழைக்க வைக்கலாம். ஆனால் முகமூடிக்குப் பஞ்சம் வந்துவிட்டது. என்ன செய்வது?

ரெனாட்டோ ஃபவேரோ என்று ஒரு டாக்டர். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. விளையாட்டுச் சாமான் கடையில் நீச்சல் முகமூடி விற்கிறார்கள். அது நெற்றி முதல் முகவாய் வரை முழு முகத்தையும் மூடும். உச்சியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டு இருக்கும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது. தண்ணீர் உள்ளே வராது என்றால், காற்றும் வெளியே கசியாது அல்லவா?

அதே நகரத்தில் கிறிஸ்டியன் ஃபிரகாசி என்று ஒரு என்ஜினீயர். டாக்டர் அவரிடம் யோசனையைச் சொன்னார். முகமூடி செய்யும் கம்பெனி உடனே அதன் வரைபடத்தைக் கொடுத்தது. உச்சியில் இருந்த குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் குழாயை மாட்டுவதற்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் மூட்டு தேவைப்பட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக அச்சடிக்கும் மெஷினில் அதைச் செய்தார்கள். அதற்கு 'சார்லட்' என்று பெயரும் வைத்தார்கள்.

காசு பண்ணி இருக்கலாம். பண்ணவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று வரைபடத்தை உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

அது முறைப்படி சோதித்துச் சான்று பெற்ற கருவி அல்ல. அதனால், வேறு வழி இல்லாத நோயாளிகள், அது தெரிந்தே சம்மதிக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மாட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு அந்த முகமூடியில் என்ன இருக்கிறது?

முதல் ஊது

நீங்கள் பலூன் ஊதி இருப்பீர்கள். எது கஷ்டம்? முதல் ஊதுதான் கஷ்டம். கன்னம் வலிக்கும். கொஞ்சம் விரிந்துவிட்டால், பிறகு சுலபமாக ஊதலாம்.

நம் நுரையீரலுக்குள் 30 கோடிக்கும் மேற்பட்ட குட்டிப் பலூன்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பைகள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அதாவது ஏறக்குறைய 750 சதுர அடி. ஒரு சிறிய வீட்டின் தரை அளவு! பைக்கு உள்ளே காற்று. பைக்கு வெளியே ரத்தம். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. தலைமுடியின் கனத்தில் அது நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தச் சவ்வு வழியாகத்தான் ஆக்சிஜன் என்னும் பிராண வாயு ரத்தத்துக்குப் போகிறது.

கடுமையான நிமோனியா வருகிறது. அல்லது ரத்தத்தில் கிருமி பரவுகிறது. அல்லது வாந்தி புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடுகிறது. அல்லது ஒருவர் ஆற்றில் மூழ்கி, காப்பாற்றப்படுகிறார். இப்படிப் பல காரணங்களால் அந்தச் சவ்வு புண்ணாகிவிடும். ரத்தத்தில் உள்ள நீர் பைகளுக்குள் கசியும். ஈரமான பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சும் பலூனின் முதல் ஊதுபோல ஆகிவிடும்.

நாம் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இந்த நோயாளி 30, 40 தடவை விடுவார். கழுத்து நரம்பு புடைக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவார்.

1967-ம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரத்து டாக்டர்கள் ஆஷ்பா, பெட்டி முதலியோர் இப்படிப்பட்ட 12 பேரைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகுதான் இது தனியாகப் பெயர் வைத்து ஆராய வேண்டிய நோய் என்று உலகம் கண்டுகொண்டது.

இவர்களுக்குப் பிராண வாயு கொடுத்தால் மட்டும் போதாது. பை மூடிக் கிடந்தால் வாயு எங்கே போகும்? மூடிய பைகளைத் திறக்க வேண்டும். திறந்த பை மறுபடியும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்டையில் குழாய்

அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி, வெண்டிலேட்டர். வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செருகுவார்கள். மெஷின் அதன் வழியாகக் காற்றைத் தள்ளும்.

உயிரைக் காப்பாற்றும் வழிதான். ஆனால் அதற்குக் கொடுக்கிற விலையும் உண்டு. குழாய் செருக மயக்க மருந்து வேண்டும். பேச முடியாது. சாப்பிட முடியாது. தானாக இருமிச் சளியைத் துப்ப முடியாது. குழாயை ஒட்டியே கிருமி இறங்கிப் புதிதாக நிமோனியா வரலாம். பல நாள் அசையாமல் கிடந்தால் கை கால் சதை கரைந்துவிடும். மெஷினில் இருந்து மீண்டவருக்கு எழுந்து நிற்கவே வாரக்கணக்கில் ஆகும்.

குழாய் செருகாமல், வெளியில் இருந்தே மூச்சு கொடுக்க முடியாதா? டாக்டர்கள் இந்தக் கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

இரும்புப் பெட்டிக்குள்

1928-ம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி. இளம்பிள்ளை வாதம் அவளுடைய மார்புத் தசைகளை முடக்கிவிட்டது. பிலிப் டிரிங்கர் என்ற விஞ்ஞானியும் லூயி ஷா என்ற அவருடைய தோழரும் செய்த இரும்புப் பெட்டிக்குள் அவளை வைத்தார்கள். தலை மட்டும் வெளியே. கழுத்தைச் சுற்றி ரப்பர்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றை மெஷின் உறிஞ்சும். உடனே மார்பு விரியும். வாய் வழியாகக் காற்று தானாக உள்ளே ஓடும். மறுபடி காற்றைப் பெட்டிக்குள் விட்டால் மார்பு அடங்கும். அவ்வளவுதான் ரகசியம். அந்தக் காற்றை உறிஞ்சிய பம்பு எது தெரியுமா? வீட்டில் குப்பை உறிஞ்சுகிற மெஷின்! இரண்டு குப்பை மெஷின்களின் பம்புகளைக் கழற்றிப் பொருத்தி இருந்தார்கள்.

சிறுமி உடனே தெளிந்தாள். ஆனால் சில நாட்களில் நிமோனியா வந்து இறந்துபோனாள். இருந்தாலும் 'இரும்பு நுரையீரல்' நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் பால் அலெக்சாந்தர் என்பவர் 1952-ல், 6 வயதில், அதற்குள் போனார். வக்கீலுக்குப் படித்துப் பாஸ் பண்ணினார். புத்தகம் எழுதினார். 2024-ம் ஆண்டு மார்ச் மாதம், 78-வது வயதில் காலமானார். 70 வருஷத்துக்கு மேல் இரும்புப் பெட்டியை நம்பி வாழ்ந்த மனிதர்!

அதே 1952-ம் ஆண்டில்தான் இரும்பு நுரையீரலின் மதிப்பு சரிந்தது. டென்மார்க் நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் வெறிகொண்டு பரவியது. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் மட்டும் கவிழ்க்கும் சில கருவிகளும்தான் இருந்தன. முதல் மூன்று வாரங்களில் மெஷினில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற டாக்டர், கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை ஊதினார். பிழைத்தார்கள்! சுமார் 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறை வைத்துக்கொண்டு பையை அமுக்கினார்கள்.

குழாய் வென்றது. வெளியில் இருந்து மூச்சு கொடுக்கும் எண்ணத்தைப் பல டாக்டர்கள் கைகழுவிவிட்டார்கள்.

எல்லோரும் அல்ல.

மறுபடியும் குப்பை மெஷின்

அதற்கு முன்பே, 1936-ல், லண்டன் டாக்டர் போல்ட்டன் ஒரு விந்தை செய்திருந்தார். இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துத் தவித்த நோயாளிகளின் முகத்தில் முகமூடி மாட்டினார். குப்பை மெஷினைத் தலைகீழாக வேலை செய்ய வைத்தார். உறிஞ்ச வேண்டிய மெஷின் ஊதியது. அழுத்தமான காற்று நுரையீரலுக்குள் போயிற்று. மெஷினைச் சில நிமிஷம் சும்மா ஓட விட்டுத் தூசியைப் போக்கிவிட்டுப் பிறகு மாட்டுங்கள் என்றும் ஞாபகமாக எழுதி வைத்தார். நல்ல டாக்டர்!

45 வருஷம் கழித்து, 1981-ல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் காலின் சல்லிவன் என்ற டாக்டரும் குப்பை மெஷினின் விசையைத்தான் எடுத்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு மூக்கு வழியாகக் காற்று ஊதினார். ஐந்து பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள். இன்று படுக்கை பக்கத்தில் முகமூடி மெஷின் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அது அங்கே இருந்து வந்தது.

ஆனால் புண்பட்ட நுரையீரலுக்கு இந்த வைத்தியம் ஏன் பலிக்கிறது என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சைக் குழந்தைகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜனாதிபதியின் குழந்தை

1963-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பேட்ரிக் என்று பெயர். ஐந்தரை வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டான். பிறந்ததும் மூச்சுத் திணறியது. குறை மாதக் குழந்தைகளின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளும் நோய்.

உலகத்திலேயே பணமும் அதிகாரமும் மிகுந்த வீடு. எந்த டாக்டரையும் கூப்பிடலாம். பாஸ்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காற்றழுத்தம் நிறைந்த பெரிய அறைக்குள் குழந்தையை வைத்தார்கள். 39 மணி நேரம் உயிர் இருந்தது. பிறகு போய்விட்டது.

ஏன் பலிக்கவில்லை? அழுத்தத்தால் ரத்தத்தில் பிராண வாயு கூடலாம். ஆனால் உடம்புக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம் இருந்தால் நுரையீரல் எப்படி விரியும்? பலூனுக்கு உள்ளே ஊத வேண்டும். பலூன் இருக்கிற அறைக்குள் ஊதிப் பயன் இல்லை.

இந்த நோய் வந்த குழந்தைகள் ஒரு மாதிரி முனகும். 'ம்ஹ்... ம்ஹ்...' என்று ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல். வலியால் முனகுகிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் குழந்தை அப்போது மூச்சை வெளியே விடும்போதே தொண்டையை இறுக்கிக் கொஞ்சம் காற்றை உள்ளே தேக்கி வைக்கிறது! பை முழுதும் சுருங்கிவிடாமல் தானே தடுத்துக்கொள்கிறது. தொண்டையில் குழாய் போட்டால் முனக முடியாது. முனகல் நின்றால் ரத்தத்தில் பிராண வாயு இறங்கிவிடும். இதைத் தென் ஆப்பிரிக்க டாக்டர்கள் 1968-ல் காட்டினார்கள்.

சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஜார்ஜ் கிரெகரி என்ற டாக்டர் யோசித்தார். குழந்தை கஷ்டப்பட்டு முனகிச் செய்கிற வேலையை மெஷின் செய்தால் என்ன? மூச்சை வெளியே விடும்போதும் காற்றழுத்தம் முழுதும் இறங்காமல் பார்த்துக்கொண்டார். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குழாய் வழியாக. இரண்டு குழந்தைகளுக்குக் குழாயே இல்லாமல், தலையைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து. பிழைப்பது அரிது என்று இருந்த 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. 1971-ல் இதை உலகத்துக்குச் சொன்னார். ஜனாதிபதியின் குழந்தை இறந்து எட்டே வருஷம்!

நம் வீட்டிலும் இதைப் பார்க்கலாம். இளைப்பு வந்த பாட்டி, உதட்டைக் குவித்து 'உஸ்' என்று ஊதி மூச்சு விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே போகும் வாசலைக் குறுக்கினால் உள்ளே காற்று தங்கும் என்று உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

எவ்வளவு அழுத்தம்? அதிகம் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழலின் நுனியை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து ஊதுங்கள். குமிழி வருவதற்கு எவ்வளவு பலம் வேண்டுமோ, அவ்வளவுதான். டாக்டர்களும் அதே கணக்கில் '5 சென்டிமீட்டர்', '10 சென்டிமீட்டர்' என்றுதான் சொல்கிறார்கள். குழந்தை வார்டுகளில் இன்றும் குழாய் நுனியைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட வைக்கிறார்கள். குமிழி வந்தால் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று கருவிகள்

இன்று பெரியவர்களுக்கு மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன.

ஒன்று, முகமூடி. மூக்கையும் வாயையும் இறுக்கி மூடும். பட்டை போட்டுத் தலையோடு கட்டுவார்கள்.

இரண்டாவது, மூக்குக் குழல். சாதாரணக் குழல் அல்ல. காற்றையும் பிராண வாயுவையும் கலந்து, உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஈரமாக்கி, நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரை வேகமாக அனுப்பும். பேசலாம். தண்ணீர் குடிக்கலாம். நோயாளிக்குத் தொந்தரவு குறைவு.

ஆனால் அது பிராண வாயுவைக் குடித்துத் தீர்த்துவிடும். கணக்குப் பாருங்கள். ஆள் உயரப் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 60 லிட்டர் சுத்தப் பிராண வாயு கொடுத்தால், இரண்டு மணி நேரம்கூட வராது! 2021-ம் ஆண்டு கோடையில் கொரோனாவின் இரண்டாவது அலை அடித்தபோது நம் நாட்டில் சிலிண்டருக்கு அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்.

மூன்றாவது, தலைக்கவசம். கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் கூடு. விண்வெளி வீரர் மாதிரி தலை முழுவதும் அதற்குள் இருக்கும். அக்குளுக்கு அடியில் வார் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். முகத்தில் எதுவும் அழுத்தாது. ஆனால் காற்று 'ஓ' என்று இரையும். இத்தாலியில் இதற்கு மவுசு அதிகம். 2016-ல் சிகாகோ நகரத்தில் 83 நோயாளிகளிடம் சோதித்தார்கள். முகமூடி போட்டவர்களில் நூற்றுக்கு 62 பேருக்குக் கடைசியில் குழாய் வேண்டி இருந்தது. கூடு போட்டவர்களில் 18 பேருக்குத்தான். அடேயப்பா என்று எல்லோரும் வியந்தார்கள். ஆனால் 2022-ல் கொரோனா நோயாளிகள் 320 பேரிடம் பார்த்தபோது, கூடு போட்டாலும் போடாவிட்டாலும் இறந்தவர் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒரு சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு துள்ளக் கூடாது.

யாருக்குப் பலிக்கும்?

பீடி, சிகரெட், விறகு அடுப்புப் புகை. இவற்றால் வருஷக்கணக்காக நுரையீரல் கெட்டவர்களுக்கு முகமூடி ஒரு வரப்பிரசாதம். அவர்களுக்குத் திடீரென்று இளைப்பு முற்றினால், கெட்ட காற்று வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கிவிடும். அரை மயக்கம் வரும். ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்ட 85 பேரிடம் சோதித்து 1995-ல் முடிவைச் சொன்னார்கள். வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 74 பேருக்குக் குழாய் தேவைப்பட்டது. முகமூடி போட்டவர்களில் 26 பேருக்குத்தான். இறந்தவர்கள் 29-ல் இருந்து 9 ஆகக் குறைந்தார்கள்.

இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கும் நன்றாகவே பலிக்கிறது. போல்ட்டன் சரியாகத்தான் கண்டுபிடித்தார்.

நிமோனியாவினாலோ கிருமியினாலோ நுரையீரல் புண்பட்டவர்களிடம்தான் சிக்கல்.

முகமூடி ஏமாற்றும்

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 23 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 310 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தன. 2015-ல் முடிவு வந்தது. 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர்? சாதாரண முகமூடியில் பிராண வாயு மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 23 பேர். வேகமான மூக்குக் குழல் போட்டவர்களில் 12 பேர். அழுத்தக் காற்று முகமூடி போட்டவர்களில் 28 பேர்!

இது என்ன? உதவிக்கு வந்த முகமூடியே உபத்திரவம் செய்ததா?

காரணம் இதுவாக இருக்கலாம் என்கிறார்கள். காற்றுக்காகத் தவிக்கும் நோயாளி ஒவ்வொரு மூச்சையும் மூர்க்கமாக இழுக்கிறார். மெஷினும் சேர்ந்து தள்ளுகிறது. நுரையீரலில் மூடிய இடம் மூடியே கிடக்க, நல்ல இடம் மட்டும் அளவுக்கு மீறி விரிகிறது. புண் பெரிதாகிறது. ஆனால் விரலில் மாட்டும் கருவியில் 94, 95 என்று அழகாக எண் காட்டும். முகமூடி வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். நாழிகை கடந்துவிடும். கடைசியில் குழாய் போடும்போது உடம்பில் சக்தி இருக்காது.

50 நாடுகளின் ஆஸ்பத்திரிகளைப் பார்த்து 2017-ல் ஒரு கணக்கு வந்தது. நோய் மிகவும் கடுமையாக இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முகமூடி போதவில்லை. முகமூடியோடு தப்பியவர்களில் நூற்றுக்கு 16 பேர் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். முகமூடி போதாமல் குழாய்க்குப் போனவர்களில் 45 பேர் இறந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் நோய் முற்றியவர்களே அதிகம் இருப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் 16-க்கும் 45-க்கும் நடுவே இருக்கிற பள்ளத்தைப் பாருங்கள்.

கொரோனா காலத்தில் பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். விடாமல் ஒரே அழுத்தத்தில் காற்று கொடுத்தபோது, குழாய் போட வேண்டி வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து நூற்றுக்கு 36 பேர். சாதாரணப் பிராண வாயுவில் 44 பேர். லாபம்தான். ஆனால் குழாய் போட வேண்டியவர்கள் குறைந்ததே அந்த லாபம். இறந்தவர்களின் கணக்கு அதிகம் மாறவில்லை.

ஆகவே, முகமூடி மாட்டியதோடு வேலை முடியவில்லை. அங்கேதான் வேலை ஆரம்பம். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் டாக்டரோ நர்சோ பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மூச்சு 40-ல் இருந்து 28-க்கு இறங்குகிறதா? கழுத்துத் தசை ஓய்கிறதா? வேர்வை நிற்கிறதா? கூப்பிட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாரா? இல்லை என்றால் குழாய்க்கு நேரம் வந்துவிட்டது.

உறவினர்களுக்கு

வெண்டிலேட்டரில் வைத்தால் ஆள் திரும்ப மாட்டார் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அதனால் டாக்டர் கேட்கும்போது, இன்னும் கொஞ்ச நேரம் முகமூடியிலேயே பார்க்கலாமே என்று கெஞ்சுகிறோம். பாசத்தால்தான் கெஞ்சுகிறோம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உயிர் ஊசலாடுகிறது. வெண்டிலேட்டரில் பலர் இறப்பது உண்மை. அங்கே போகிறவர்கள் மிகக் கடுமையான நோயாளிகள் என்பதும், சிலர் காலம் தாழ்ந்து போகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. முகமூடி போதவில்லை என்று டாக்டர் சொன்னால், அது தோல்விச் செய்தி அல்ல. நேரத்தோடு சொன்னார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பாசமும் ஆபத்தானது. பசிக்கும் என்று முகமூடியைத் தூக்கிவிட்டு ஒரு வாய் காபி, ஒரு கவளம் இட்லி ஊட்டுகிறார்கள். நிமிஷத்துக்கு 35 தடவை மூச்சு வாங்குகிறவர் எப்போது விழுங்குவார்? புரை ஏறி நேரே நுரையீரலுக்குப் போகும். அழுத்தக் காற்று வயிற்றையும் ஊத வைத்திருக்கும். வாந்தி வரலாம். நர்சைக் கேட்காமல் எதுவும் ஊட்டக் கூடாது.

முகமூடி மாட்டியதும் பலர் பிய்த்து எறியப் பார்ப்பார்கள். மூச்சு முட்டுகிறவனின் முகத்தை மூடினால் பயம் வராதா? தெரிந்த நர்சுகள் உடனே பட்டையைக் கட்டமாட்டார்கள். முதலில் முகமூடியை நோயாளியின் கையிலேயே கொடுப்பார்கள். அவரே முகத்தில் வைத்துப் பார்க்கட்டும். காற்று வருகிற சுகம் தெரிந்தபிறகு கட்டுவார்கள். அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூச்சு விடுங்கள் அப்பா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு மகள் சொன்னால் மயக்க மருந்துக்குச் சமம்.

மூக்குத் தண்டில் பட்டை அழுத்திப் புண் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். குப்புறப் படுக்கச் சொன்னால் படுக்க உதவுங்கள். முதுகுப் பக்கம் மூடிக் கிடக்கும் பைகள் குப்புறப் படுத்தால் திறக்கும். கொரோனா காலத்தில் ஆறு நாடுகளில், வேகமான மூக்குக் குழல் போட்டிருந்த 1,100-க்கு மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். குப்புறப் படுத்தவர்களில் இறந்தவர்களும் குழாய்க்குப் போனவர்களும் நூற்றுக்கு 40 பேர். மற்றவர்களில் 46 பேர். செலவு இல்லாத வைத்தியம்!

நோய் தணிந்தால் முகமூடியை ஒரேயடியாகக் கழற்றமாட்டார்கள். முதலில் சில நிமிஷம். பிறகு ஒரு மணி நேரம். மூச்சு ஏறினால் மறுபடி மாட்டுவார்கள். பகலில் கழற்றி இரவில் மட்டும் போடுவார்கள். அப்புறம் ஒருநாள் இரவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்வார். அன்றைக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. கன்னத்தில் பட்டை பதிந்த தழும்பு இரண்டு பக்கமும் சிவப்பாகத் தெரியும்.